கேட்காமல் கேட்டாரா ஜார்ஜ் முல்லர்?

தமிழ்ச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு ஜார்ஜ் முல்லரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பிரசங்கத்தில் 'விசுவாசம்' என்ற சொல் வந்தால் அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் அவரும் வந்துவிடுவார். காலையில் அநாதைப் பிள்ளைகள் வெறும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். முல்லர் ஸ்தோத்திரம் சொல்லி ஜெபிக்கிறார். கதவு தட்டப்படுகிறது. ரொட்டிக்காரர் நிற்கிறார், பின்னாலேயே பால்காரரின் வண்டி அச்சு முறிந்து நிற்கிறது. இந்தக் கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே கிடையாது. கதை முடிந்ததும் வரும் வாக்கியமும் மாறாது: நீங்களும் இப்படி ஜெபித்தால் உங்களுக்கும் வரும்.

இந்தப் பதிவு அந்தக் கதையைப் பற்றியது அல்ல. முல்லர் தானே எழுதி வெளியிட்ட விவரணத்தைப் பற்றியது. 'ஜார்ஜ் முல்லரோடு கர்த்தர் நடந்துகொண்ட விதங்களில் சிலவற்றின் விவரம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். முதல் பகுதி 1837இல் வந்தது, பிறகு பல ஆண்டுகள் பகுதி பகுதியாக வளர்ந்தது. பழைய அச்சுப் பிரதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் முழுசா வாசிச்சவங்க ரொம்பக் குறைவு என்று நினைக்கிறேன். காரணம் எளிது. அது சுவாரசியமான புத்தகம் இல்லை. பக்கம் பக்கமாகத் தேதி, தொகை, தேதி, தொகை. இன்று 10 ஷில்லிங் வந்தது. இன்று ஒன்றும் வரவில்லை. இன்று ஒரு மோதிரமும் சில துணிகளும் வந்தன. நம் மேடைகளில் ஒலிக்கும் முல்லர் ஒரு அற்புதக்காரர். இந்தப் புத்தகத்தில் இருப்பவர் ஒரு கணக்குப்பிள்ளை.

எனக்கு அந்தக் கணக்குப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது. அவரிடம் சில கேள்விகளும் இருக்கின்றன.

ஆளை முதலில் பார்த்துவிடுவோம். 1805இல் பிரஷ்யாவில் பிறந்தவர். அப்பா வரி வசூலிக்கும் அதிகாரி, மகன் அந்த வசூல் பணத்திலேயே திருடினான். 16 வயதில் விடுதியில் தங்கிச் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் நழுவப் பார்த்துச் சிறைக்கும் போயிருக்கிறார். பிற்காலத்தில் அரைப் பென்னிக்குக்கூட ரசீது எழுதியவருடைய இளமை இது! அப்பா அவரைப் போதகர் படிப்புக்காக ஹாலே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அங்கே 1825இல் ஒரு நண்பனோடு ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனார். அவரை அசைத்தது பிரசங்கம் இல்லை. அங்கே ஒருவர் முழங்காலில் நின்று ஜெபித்தார். போதகராகப் படித்துக்கொண்டிருந்த முல்லர், அதுவரை யாரும் முழங்காலிட்டு ஜெபித்துப் பார்த்ததே இல்லையாம்.

ஹாலே என்ற பெயர் நமக்கு அந்நியம் இல்லை. ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1690களில் அநாதை இல்லம் தொடங்கிய ஊர் அது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அந்த வட்டத்திலிருந்து வந்தவர். அவர் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிடத் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியதும் ஹாலேதான். பிராங்கேயின் அந்த அநாதை இல்லத்தில் ஏழை இறையியல் மாணவர்களுக்கு இலவச அறைகள் உண்டு. மாணவர் முல்லர் அங்கே சில வாரங்கள் தங்கியிருக்கிறார். தங்கியபோது அது அவருக்கு ஒரு கூரை, அவ்வளவுதான். பத்தாண்டு கழித்துப் பிரிஸ்டலில் பிராங்கேயின் வாழ்க்கை வரலாறு கைக்குக் கிடைத்தபோதுதான் அதன் பொருள் புரிந்தது.

1829இல் இங்கிலாந்து போனவர், தெற்குக் கடலோரத்தில் டெய்ன்மத் என்ற ஊரில் ஒரு சிறு சபைக்குப் போதகரானார். 1830இல் மேரி குரோவ்ஸைத் திருமணம் செய்தார். அதே ஆண்டு சம்பளம் வேண்டாம் என்றார். இது பெரிய தியாகம் போல நம்மிடம் சொல்லப்படுகிறது. புத்தகத்தில் அவர் சொல்லும் காரணம் அதைவிடக் கூர்மையானது. அன்றைக்கு அங்கே போதகர் சம்பளம் இருக்கை வாடகையிலிருந்து வந்தது. பணமுள்ளவர் நல்ல இருக்கையை வாடகைக்கு எடுப்பார், ஏழை பின்னால் உட்காருவார். யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை வாசித்தவர் இதை எப்படி ஏற்றுக்கொள்வது என்பதுதான் முல்லரின் கேள்வி. அதனால் வாடகையை ஒழித்தார். கோயிலில் ஒரு பெட்டி வைத்தார், விருப்பமுள்ளவர் போடட்டும் என்றார். நம்முடைய சில கோயில்களில் யார் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்பதன் வரலாறு தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தனியாக வாசிக்கலாம். ஜெபத்தினால் எல்லாம் வரும் என்ற கோட்பாடு அவரிடம் இங்கேதான் தொடங்குகிறது. சமத்துவம் பற்றிய ஒரு கூச்சத்தில்.

இனிமேல் தேவையை மனிதரிடம் சொல்வதில்லை, ஆண்டவரிடம் மட்டும் சொல்வது என்று முடிவெடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் நடந்த ஒன்றை எழுதியிருக்கிறார். வீட்டில் காசு தீர்ந்துவிட்டது. சபையைச் சேர்ந்த ஒரு பெண், 'உங்களுக்குப் பணம் தேவையா?' என்று நேராகவே கேட்கிறார். முல்லர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் தேவையை ஆண்டவரிடம் மட்டுமே சொல்வதென்று முடிவெடுத்திருக்கிறேன் என்று பதில் சொன்னார். அந்தப் பெண் பணத்தைக் கொடுத்துவிட்டார்.

எங்க ஊர்ப் பெரியம்மா யாராவது அங்கே இருந்திருந்தால் அந்தப் பதிலின் அர்த்தம் ஒரு நொடியில் புரிந்திருக்கும். காசு இருக்கிறவன் 'வேண்டாம்மா, இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போவான். ஆண்டவரிடம்தான் சொல்வேன் என்கிறவனிடம் காசு இல்லை. முல்லர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவர் நேர்மையானவர் என்பதற்கு இந்தச் சம்பவத்தை அவரே எழுதி அச்சிட்டதே போதும். ஆனால் 'யாரிடமும் சொல்லவில்லை' என்பதன் எல்லை எது என்ற கேள்வி இங்கேயே வந்துவிடுகிறது. புத்தகம் முழுவதும் அது நம்மை விடுவதில்லை.

1832இல் பிரிஸ்டலுக்கு மாறினார். 1836இல் வில்சன் தெருவில் வாடகை வீட்டில் பெண் பிள்ளைகளுக்கான முதல் இல்லம் திறந்தது. 1849இலிருந்து ஆஷ்லி டவுன் என்ற மேட்டில் பெரிய கட்டடங்கள் எழுந்தன. 1870க்குள் ஐந்து கட்டடங்கள், 2,050 பிள்ளைகளுக்கு இடம். அவர் 1898இல் இறக்கும்வரை ஏறக்குறைய 10,000 பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். அவர் கைவழியாகப் போன பணம் சுமார் 15 லட்சம் பவுண்டு. நிதி திரட்டும் கூட்டம் இல்லை, கடன் இல்லை. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடன் விஷயத்தில் மட்டும் அவர் பிடிவாதம் சொல்லி முடியாது. நாளைக்குப் பணம் நிச்சயமாக வரும் என்று தெரிந்தாலும் இன்றைக்குக் கடனுக்கு ரொட்டி வாங்கக்கூடாது என்பது விதி.

புத்தகத்தில் என்னை அதிகம் நிறுத்திவைத்த பக்கங்கள் ஒரு தையல்காரப் பெண்ணைப் பற்றியவை. இல்லம் திறப்பதற்கு முந்தைய நாட்கள். அந்தப் பெண் உடல்நலம் இல்லாதவர், ஊசி வேலை செய்து வாரத்துக்குச் சராசரியாக மூன்றரை ஷில்லிங் சம்பாதிப்பவர். அவர் 100 பவுண்டு அனுப்பினார். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். கணக்குப் போட்டால் அவருடைய ஏறக்குறைய பதினொரு ஆண்டு வருமானம். குடும்பச் சொத்தில் ஒரு பங்கு அவருக்கு வந்திருந்தது. முல்லர் அதை வாங்கி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. நேரில் போய், இது ஒரு கணத்து உணர்ச்சியில் கொடுப்பதா, பிறகு வருந்துவீர்களா என்று நெடுநேரம் பேசிப் பார்த்தார். அந்தப் பெண்ணின் பதில்களைக் கேட்ட பிறகே வாங்கினார். அப்பா விட்டுப்போன கடனுக்கு உடன்பிறந்தவர்கள் பவுண்டுக்கு 5 ஷில்லிங் என்று பேசி முடித்துக்கொண்டார்கள். இவர் மட்டும் மீதியைத் தனியாகப் போய் முழுவதும் தீர்த்திருந்தார், அதுவும் யாருக்கும் தெரியாமல். இந்த ஆரம்ப நாட்களின் மிகப்பெரிய விசுவாசி முல்லர் அல்ல, இந்தப் பெண்தான் என்பது என் கருத்து. அவர் பெயர் புத்தகத்தில் இல்லை. முதலெழுத்துகள் மட்டும்.

காணிக்கை கொடுக்க வருபவரிடம் 'யோசித்துத்தான் கொடுக்கிறீர்களா?' என்று கேட்கும் ஊழியரை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. மாதக்கடைசியில் தொலைக்காட்சியில் 'விதைப்பு' பற்றிப் பேசுகிறவர்கள் முல்லரை மேற்கோள் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். விதைத்தால் நூறு மடங்கு என்பார்கள், உடனே திரையில் வங்கிக் கணக்கு எண் வரும். முல்லரின் புத்தகத்தில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. அவருக்கென்று தனியாகவும் நிறையப் பணம் வந்தது, குறிப்பாகப் பிற்காலத்தில். அதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டார். சீனாவில் வேலை செய்த ஹட்சன் டெய்லருக்கும் அவரோடு இருந்தவர்களுக்கும் நெருக்கடிக் காலத்தில் பணம் அனுப்பியவர் அவர். சாகும்போது அவர் பெயரில் இருந்தது சுமார் 170 பவுண்டு. பணம் வந்தது என்பது பாதிக் கதைதான். அது அவரிடம் தங்கவில்லை என்பது மீதி. மேடையில் முதல் பாதி மட்டும் சொல்லப்படுகிறது.

இப்போது என்னுடைய சங்கடத்துக்கு வருகிறேன். 1838 செப்டம்பரில் பல நாள் கடும் தட்டுப்பாடு. 18ஆம் தேதி லண்டனிலிருந்து வந்த ஒரு பெண்மணி தன் மகள் கொடுத்தனுப்பிய 3 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பிரிஸ்டலுக்கு வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. தங்கியிருந்ததோ ஆண் பிள்ளைகள் இல்லத்துக்கு அடுத்த வீட்டில்! இங்கே ஜெபித்துக்கொண்டிருக்க, பணம் சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டியில் இருந்திருக்கிறது. முல்லர் இதற்கு ஒரு விளக்கம் எழுதுகிறார். பணம் முன்பே பக்கத்தில் இருந்தது, ஆகவே கொடுக்கும் சித்தம் முதலிலிருந்தே ஆண்டவருக்கு இருந்தது என்பது தெளிவு. பிள்ளைகளின் ஜெபம் அவருக்குப் பிரியம் என்பதால் நம்மை ஜெபிக்கவிட்டார், நம் விசுவாசத்தைச் சோதித்தார், பதிலை இனிமையாக்கினார். இதுதான் அதன் சாரம்.

அழகான வாசிப்பு, மறுக்கவில்லை. ஆனால் இந்த வாசிப்பில் தோற்கவே முடியாது. பணம் உடனே வந்தால் பதில். தாமதமாக வந்தால் சோதனையும் பதிலும். பக்கத்து வீட்டில் சும்மா கிடந்தால் அதுவும் சான்று. எந்த நிகழ்ச்சி நடந்திருந்தால் முல்லர் 'இல்லை, ஜெபம் கேட்கப்படவில்லை' என்று எழுதியிருப்பார்? புத்தகத்தில் தேடிப் பார்த்தேன், அதற்கு இடம் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. ஒரு பக்தனின் நாட்குறிப்பாக இதில் தவறில்லை. ஆனால் முல்லர் இதை வெறும் நாட்குறிப்பாக வெளியிடவில்லை, நிரூபணமாக வெளியிட்டார். ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிறார் என்பதற்குக் கண்ணால் காணக்கூடிய சான்று ஒன்றை உலகத்துக்கு வைப்பதே இல்லத்தின் முதல் நோக்கம், பிள்ளைகளின் நலம் அதற்கு அடுத்ததே என்று அவரே சொல்கிறார்.

இந்த வரிசையை முதலில் வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. பசித்த பிள்ளை ஒரு வாதத்துக்குச் சான்றாவதா? ஆனால் யாருக்காக அந்தச் சான்று என்று அவர் சொல்லும் பக்கத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அவர் வீடு வீடாகப் போய்ப் பார்த்த விசுவாசிகளில் ஒருவர் நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் வேலை செய்தவர். உடம்பும் போயிற்று, உள்ளமும் வறண்டது. கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஆண்டவரைத் தேடுங்கள் என்றால், இவ்வளவு உழைத்தே குடும்பத்துக்குப் போதவில்லையே என்பார். இவரைப் போன்றவர்களுக்குக் காட்டத்தான் அந்தச் சான்று. தொழிற்புரட்சிக் காலத்து இங்கிலாந்தின் தொழிலாளிக்கு, நீ இயந்திரம் இல்லை, கொஞ்சம் நிறுத்தலாம் என்று சொல்ல ஒரு வழி தேடியிருக்கிறார் அவர். கூலியை உயர்த்தச் சொல்லி யாரையும் கேட்கவில்லை என்று இன்றைக்கு நாம் குறை சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் பிரச்சினையைச் சரியாகப் பார்த்திருக்கிறார்.

சரி, ஆண்டறிக்கை என்ற விஷயம். ஆண்டுதோறும் அறிக்கை அச்சாகும். எவ்வளவு வந்தது, எப்படி நெருக்கடி வந்தது, எப்படித் தீர்ந்தது என்று எல்லாம் அதில் இருக்கும். டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகையே 1857இல் அவருடைய இல்லத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. இதை வாசிக்கும் ஒருவர் மணிபர்ஸைத் திறக்காமல் இருப்பாரா? அறிக்கையே ஒரு வேண்டுகோள்தானே? விமர்சகர்கள் அவர் காலத்திலேயே இதைக் கேட்டார்கள், முல்லர் பதிலும் சொன்னார்: அறிக்கை கடந்ததைச் சொல்கிறது, இப்போதைய தேவையைச் சொல்வதில்லை.

வெறும் வாய்ச்சொல்லாக இருந்திருந்தால் நான் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டேன். 1841 டிசம்பரில் அறிக்கைக்கும் பொதுக்கூட்டத்துக்கும் நேரம் வந்தது. கையில் பணமே இல்லை. எந்தக் காரியதரிசியும் இந்த நேரத்தில் அறிக்கையைச் சீக்கிரம் கொண்டுவாருங்கள் என்பார். முல்லரும் உடன் ஊழியர்களும் அதைத் தள்ளிவைத்தார்கள். இப்போது வெளியிட்டால் மறைமுகமாகக் கேட்பது போல ஆகிவிடும் என்பதே காரணம். அதற்குப் பிறகு 1842 வசந்தகாலம் வரைக்கும் புத்தகத்திலேயே மிகக் கடுமையான மாதங்கள். இந்த ஒரு முடிவு, அவருடைய நேர்மை பற்றிய என் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது. கேட்காமல் கேட்கும் வழி தன்னிடம் இருப்பது அவருக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்து அதை மூடியிருக்கிறார்.

நேர்மை வேறு, விளைவு வேறு. அறிக்கைகள் மூலம் நாடு முழுவதும் வாசகர்கள் உருவானார்கள், வாசகர்களில் பலர் கொடுப்பவர்களானார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹாலே 1710இலிருந்து தரங்கம்பாடிக் கடிதங்களைத் தொகுத்து அச்சிட்டதும் இதே வழியில்தான். நம் ஊர்ச் செய்தியை ஜெர்மானியக் குடும்பங்கள் வீட்டில் உட்கார்ந்து வாசித்தன, நம் ஊர்ப் பள்ளிகளுக்குப் பணம் வந்தது. ஜெபத்துக்கும் பணத்துக்கும் நடுவில் அச்சகம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் கதை சொன்னால் கேட்பவர் தன் வீட்டில் கதவு தட்டப்படுவதற்காகக் காத்திருந்து, தட்டப்படாதபோது தன் விசுவாசத்தில்தான் குறை என்று நினைத்துக்கொள்கிறார். சாட்சி நேரத்தில் எழுந்து நின்று பேசுகிறவர்களைப் பார்க்கிறோம். பேச ஒன்றும் இல்லாததால் எழுந்திருக்காதவர்களை யார் பார்க்கிறார்கள்?

இதே கேள்வி 1847ஆம் ஆண்டுப் பக்கங்களில் இன்னும் கனக்கிறது. உருளைக்கிழங்கு நோயால் விளைச்சல் அழிந்து விலை ஏறிய காலம். ரொட்டி விலை ஏறக்குறைய இரு மடங்கு, அரிசியும் அப்படியே, உருளைக்கிழங்கை வாங்கவே முடியவில்லை என்று எழுதிவிட்டு, அப்படியிருந்தும் நம் பிள்ளைகளுக்கு ஒன்றும் குறையவில்லை என்று நன்றி சொல்கிறார். கடலுக்கு அந்தப் பக்கம் அயர்லாந்தில் அதே மாதங்களில் லட்சக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஜெபிக்காத தாய் யார்? முல்லரின் நன்றி உண்மையானது. அந்த நன்றியை நிரூபணமாக நீட்டும்போதுதான், அயர்லாந்து குறுக்கே வந்து நிற்கிறது.

இவ்வளவு சொல்லியும் இந்தப் புத்தகத்தை நான் ஏன் மூடிவைக்கவில்லை? இரண்டு பக்கங்கள் இருக்கின்றன.

ஒன்று, 1835 ஜூன் 26. முல்லரின் மகன் எலியா, ஒரு வயது தாண்டிய குழந்தை, நோயில் கிடக்கிறான். அதே வாரத்தில்தான் மேரியின் அப்பாவும் இறந்திருந்தார். பெரிய ஜெபவீரர் என்ன ஜெபித்திருப்பார் என்று நினைக்கிறோம்? குழந்தை பிழைக்க வேண்டும் என்று அவர் ஜெபிக்கவில்லை. மனைவியைத் தாங்கும்படியும், குழந்தையின் வேதனையைச் சீக்கிரம் முடித்து எடுத்துக்கொள்ளும்படியும் ஜெபித்தார். இரண்டு மணி நேரத்தில் குழந்தை போய்விட்டான். அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். கேட்டதெல்லாம் வாங்கிய மனிதர் என்று நாம் சொல்கிறவர், இங்கே தான் எதைக் கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறார். அதே ஆண்டு நவம்பரில் பிராங்கேயின் வரலாறு, டிசம்பரில் அநாதை இல்லத் திட்டம். இரண்டையும் அவர் எங்கும் முடிச்சுப் போடவில்லை. போடாமல் விட்டதே நல்லது. வாசிப்பவருக்குத் தெரிகிறது.

மேரியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. துணி தேர்வு, தையல், மாதக் கணக்குப் புத்தகங்களைச் சரிபார்ப்பது என்று இல்லங்களின் அன்றாடச் சுமை பெரிதும் அவர் தலையில் இருந்தது. அவர் 1870இல் இறந்தபோது முல்லர் செய்த அடக்க ஆராதனைப் பிரசங்கத்தில்தான் இதெல்லாம் விரிவாக வெளியே வருகிறது. பல நூறு பக்க விவரணத்தில் அவருக்குக் கிடைத்த இடம் குறைவு. கர்த்தர் முல்லரோடு நடந்துகொண்ட விதத்தில் பாதி மேரி வழியாக நடந்தது என்று எழுதியிருந்தால் புத்தகம் இன்னும் உண்மையாக இருந்திருக்கும்.

இரண்டாவது பக்கம், 1841 மே 7. இதில் பணமே இல்லை. ஒவ்வொரு நாளும் நான் செய்ய வேண்டிய முதல் வேலை என் ஆத்துமாவை ஆண்டவரில் மகிழ்ச்சியாக வைப்பதுதான் என்று எழுதுகிறார். எவ்வளவு ஊழியம் செய்வது என்பது அதற்குப் பிறகே. அடுத்து, பத்து ஆண்டுகளுக்கும் மேலான தன் பழக்கத்தைச் சொல்கிறார். காலையில் உடுத்தியதும் ஜெபத்துக்கு உட்காருவார். மனசு அலையும். பத்து நிமிடம், கால் மணி, சிலசமயம் அரை மணி நேரம் போன பிறகுதான் உண்மையில் ஜெபிக்கத் தொடங்குவார். ஜார்ஜ் முல்லருக்கே அப்படி! பிறகு வரிசையை மாற்றினார். முதலில் வேதத்தை மெதுவாக வாசிப்பது, பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்க இல்லை, தன் உள்ளத்துக்கு உணவாக. வாசிக்க வாசிக்க அது தானாகவே ஸ்தோத்திரமாகவோ பாவ அறிக்கையாகவோ மன்றாட்டாகவோ மாறிவிடும். ஜெபத்தை அவர் தொடங்க வேண்டியதே இல்லாமல் போனது.

இது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது. ஜெபம் என்பது நாம் பேச ஆரம்பிப்பது என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அலையும் மனசோடு மல்லுக்கட்டி, குரலை உயர்த்தி, அதே சொற்களைத் திருப்பித் திருப்பிச் சொல்லி ஓய்கிறோம். முல்லர் சொல்வது, முதலில் யாரோ பேசுவதைக் கேள், பதில் தானாக வரும் என்பது. ஆத்தும நிறைவு என்ற சொல்லுக்கு இந்தப் புத்தகத்தில் ஒரு முகவரி இருக்கிறது என்றால் அது இந்த மே 7தான். அன்றைக்கு எவ்வளவு பணம் வந்தது என்பது அங்கே விஷயமே இல்லை.

நன்றியைப் பற்றியும் இதே மாதிரி ஒன்று. ரசீதுகளும் கணக்கும் நிறைந்த அந்தப் பக்கங்களை முதலில் எரிச்சலோடுதான் புரட்டினேன். நூறு பக்கம் தாண்டியபோது வேறு மாதிரி தெரிந்தது. நன்றி அவருக்கு உணர்ச்சி இல்லை, குறித்துவைக்கும் பழக்கம். யாரோ ஒருவரின் ஒரு ஷில்லிங்குக்கும் தேதி உண்டு, எண் உண்டு. எங்க பக்கத்துச் சபைகளில் பிடி அரிசிக் காணிக்கை என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு வேளையும் உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துவைப்பார்கள், மாதத்துக்கொருமுறை கோயிலுக்குப் போகும். அந்தப் பெண்கள் யாரும் அப்போது பெரிதாக உணர்ச்சிவசப்பட்டிருக்க மாட்டார்கள். உலை கொதிக்கிறது, கை போகிறது. முல்லரின் பேரேடு அந்தப் பானைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய பொருள்.

முல்லரின் வழி தமிழ்நாட்டுக்கும் நேராகவே வந்திருக்கிறது. மேரியின் அண்ணன் அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ், பல் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டுப் பாக்தாத்துக்கும் பிறகு இந்தியாவுக்கும் வந்தவர், சித்தூரில் தங்கி வேலை செய்தார். சம்பளத்தை விட்டுவிடும் எண்ணத்தில் முல்லருக்கே அவர் முன்னோடி. பாளையங்கோட்டையில் ரேனியஸிடம் படித்த யோவான் கிறிஸ்தியான் அருளப்பன், குரோவ்ஸோடு பழகியவர். அவர் எந்த மிஷனின் சம்பளமும் வாங்காமல் கிறிஸ்தியான்பேட்டையை உருவாக்கினார். 1860இல் அங்கிருந்து கிளம்பிய எழுப்புதல் திருநெல்வேலிவரை போனது. வெள்ளைக்காரர் சம்பளம் வாங்காத ஒரு தமிழ் ஊழியர் என்பது அந்தக் காலத்தில் வெறும் விசுவாச விஷயம் மட்டுமல்ல. சம்பளம் கொடுப்பவர் இல்லையென்றால் கட்டளை போடுபவரும் இல்லை. முல்லரின் கொள்கை பிரிஸ்டலில் ஒரு அர்த்தமும் மதுரைச் சீமையில் இன்னொரு அர்த்தமும் பெற்றிருக்கிறது. அருளப்பனைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் பணம் கேட்பதில்லை என்று நின்றதும் இதே மரபுதான், அது கொஞ்சம் அதிகமாகவே பேசப்பட்டுவிட்டது.

புத்தகத்தை வாசிக்க நினைப்பவர்களுக்கு: முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீங்க, நாலாம் நாள் விட்டுவிடுவீங்க. 1841 மே 7ஐ முதலில் வாசிங்க. பிறகு 1835 ஜூன் 26. அப்புறம் அந்தத் தையல்காரப் பெண்ணின் பக்கங்கள். கணக்குப் பக்கங்களை அதற்குப் பிறகு, தினம் ஒன்றிரண்டு என்று, காபி குடிக்கும்போது புரட்டினால் போதும்.